கூரைக் கதவு

ஜூன் 9, செவ்வாய்

பால் காய்ச்சிக் குடிவந்தாயிற்று. பால் பொங்குவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கோத்தகிரியில் ஜூன் மாதம் நாள் குறித்த என் புத்தியைச் சொல்ல வேண்டும். வந்தவர்கள் எல்லோரும் நனைந்த காலோடு உள்ளே நுழைந்து, தரை கதகதவென்று இருப்பதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்கள். என் வீட்டுக்காரர் சம்பத்தின் அக்கா சுலோச்சனா, எனக்கு நங்கை முறை, காலை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்.

"ஏனம்மிணி, கீழ அடுப்பு கிடுப்பு எரியுதா?"

"அடுப்பில்லீங்க நங்கை. கம்ப்யூட்டருங்க."

"போ, வெளையாடாத."

சம்பத்துக்கு இது போதும். கல்லூரியில் பதினெட்டு வருடம் பாடம் நடத்தியவர், அக்காவையும் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார். "கம்ப்யூட்டர் வேலை செஞ்சா சூடாகுமல்லக்கா? ஊர்ல அந்தச் சூட்டைத் தணிக்க ஏசி போட்டுக் கரண்டைக் கொட்டறாங்க. குளுருல இருக்கறவனுக்கு அந்தச் சூடே போதும். ஒரே கரண்டுல வேலையும் ஆச்சு, கணப்பும் ஆச்சு."

மூடிப்போன ஓர் ஆபீசிலிருந்து வாங்கி வந்த பழைய கம்ப்யூட்டர்கள் சமையலறைக்குப் பின்னால் ஓர் அறை முழுக்க அடுக்கியிருக்கின்றன. கோவையில் ஒரு கார்ட்டூன் படக் கம்பெனி அனுப்பும் வேலையை இரவு பகலாகச் செய்கின்றன. மின்சாரம் கீழே ஓடையில் சுற்றும் சின்ன டர்பைனிலிருந்து வருகிறது. அந்த அறையின் சூடான காற்று தரைக்கடியில் போட்ட கால்வாய் வழியாக எல்லா அறைக்கும் போகிறது. இதெல்லாம் அவருடைய யோசனை. வீடு என்னுடையது, நானே வரைந்து கட்டியது. மண், சுண்ணாம்பு, கருப்பட்டியும் கடுக்காயும் போட்ட பூச்சு, சூடு வெளியே போகாமல் இருக்கக் கால்வாய் நெடுகத் தேங்காய் நார்ப் பலகை. பத்து வருடமாக என்னை 'மண்ணு வீட்டுக்காரி' என்று முதுகுக்குப் பின்னால் சிரித்த சொந்தமெல்லாம் இன்றைக்கு என் தரையில் உட்கார்ந்து எழுந்திருக்க மனமில்லாமல் சாப்பிட்டது. எனக்கு அதிலேயே வயிறு நிறைந்துவிட்டது.

ஜூன் 14

காலை முழுக்க ஊதுபத்தி வேலை. ஜன்னல் ஓரம், கதவு ஓரம், சுவர் கூரையைத் தொடும் இடம் என்று ஒவ்வொன்றாகப் பத்தியைக் காட்டினேன். புகை நேராகப் போனால் சரி, சாய்ந்தால் அங்கே ஓட்டை. சாய்ந்த இடத்தில் எல்லாம் சுண்ணாம்பும் நாரும் பிசைந்து அடைத்தேன். மத்தியானத்துக்கு மேல் எங்கே காட்டினாலும் புகை ஆடவில்லை. சம்பத் பார்த்துவிட்டு, "கோயிலாட்டம் மணக்குது, கும்பிட்டுக்கட்டுமா?" என்றார். கும்பிட்டாலும் தகும்.

ஜூன் 27

வீடுகளுக்குப் பசுமைச் சான்றிதழ் தரும் குழுவிலிருந்து ஜெயசீலன் என்பவர் சென்னையிலிருந்து வந்து அளவுக் கருவிகளைப் பொருத்திவிட்டுப் போனார். ஜூலை முதல் டிசம்பர் கடைசி வரை. வீட்டுக்குள் வெப்பம் எந்த நேரமும் இருபதுக்குக் கீழே இறங்கக் கூடாது. வெளியே இருந்து ஒரு யூனிட் மின்சாரம் எடுக்கக் கூடாது. தேறினால் என் வரைபடத்தை அவர்களே ஊரறியப் போடுவார்கள். மலையில் தேயிலைத் தொழிலாளர் குடியிருப்பு கட்டுவதற்கு ஓர் அறக்கட்டளை அதைக் கேட்டுக் காத்திருக்கிறதாம். நூற்றுக்கணக்கான வீடு. மனுஷன் டீயைக் குடித்துக்கொண்டே சாதாரணமாகச் சொல்கிறார்.

ஜூலை 6, திங்கள்

இந்தக் கூரைக் கதவு என் உயிரை எடுக்கிறது. சமையலறைக் கூரையில் மோட்டார் வைத்த சின்னக் கதவு. வீட்டுக்குள் காற்றில் ஈரம் அறுபது சதவீதத்தைத் தாண்டினால் தானே திறந்து ஈரக் காற்றை வெளியே விடும், குறைந்தால் மூடிக்கொள்ளும். சம்பத் எழுதிய புரோகிராம். நல்லதுதான். ஆனால் நான் குக்கரை வைத்தால் திறக்கிறது, இவர் குளித்தால் திறக்கிறது, துணி உலர்த்தினால் திறக்கிறது. இந்த மழைக்கு நாள் முழுக்கத் திறந்தேதான் கிடக்கிறது. ஈரத்தோடு சேர்ந்து சூடும் போகிறது. நேற்று விடியலில் இருபது புள்ளி இரண்டு. ஒரு மயிரிழை.

"கொஞ்சம் ஏத்தி வெச்சுக்கலாமுங்க," என்றேன்.

"வேணாம் தமயா. மண்ணு வீடு. ஈரம் சேர்ந்தா ஆகாது."

"எனக்கே மண்ணு வீட்டைப் பத்திச் சொல்றீங்களாக்கும்?"

சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

ஜூலை 11, சனி

இவர் கோயமுத்தூர் போயிருக்கிறார். கூரைக் கதவின் கணக்கில் ஒரு சின்ன மாற்றம் செய்தேன். வந்ததும் சொல்ல வேண்டும். பக்கத்து எஸ்டேட்டில் கேரட் மலிவு என்று இரண்டு கிலோ வாங்கினேன், பாதி அழுகல்.

ஜூலை 13

இரவு முழுக்க இருபத்தொன்றுக்குக் கீழே இறங்கவில்லை! இவர் நேற்றுப் பொழுதோடு வந்தார். ரசம் வைத்தேன், சுட்ட அப்பளம். களைப்பாக இருந்தார், சாப்பிட்டதும் கம்ப்யூட்டர் அறைக்குப் போய்விட்டு வந்து படுத்துவிட்டார். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 2

இவருக்குக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. காதும் மூக்கும் விறைக்கின்றன என்கிறார். கட்டிலில் இவர் தலைமாட்டுக்குப் பக்கத்தில் தரையை வெட்டி, கால்வாயிலிருந்து ஒரு வாய் வைத்துக் கொடுத்தேன். சூடான காற்று நேரே முகத்துக்கு வரும். என் கையாலேயே கம்பி வலை அடித்தேன். முதல் நாளே குழந்தை மாதிரி தூங்கினார்.

ஆகஸ்ட் 23

வறட்டு இருமல். தொப்பி போடச் சொன்னால் கேட்பதில்லை. பனியில் நின்று டர்பைனில் அடைத்த இலையை அள்ளி வெளியே போட்டால் இருமாமல் என்ன செய்யும்? அதிமதுரம் தட்டிப் போட்டுக் கஷாயம்.

செப்டம்பர் 10, வியாழன்

கார்ட்டூன் கம்பெனி வேலையை நிறுத்திவிட்டது. இனிமேல் அனுப்ப மாட்டார்களாம், ஒரே ஒரு வரி. கம்ப்யூட்டர் எல்லாம் சும்மா நின்றுவிட்டது. சும்மா நின்றால் சூடு ஏது? சாயங்காலத்துக்குள் தரை சில்லிட்டுப்போனது. நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். சம்பத் இருமிக்கொண்டே உள்ளே போய் ஏதோ தட்டினார். கொஞ்ச நேரத்தில் விசிறிகள் இரைய ஆரம்பித்தன.

"என்ன வேலை குடுத்தீங்க?"

"பெரிய பெரிய பகா எண்ணாத் தேடச் சொல்லியிருக்கேன்."

"கண்டுபிடிச்சு?"

"கண்டுபிடிச்சா அழிச்சுட்டு அடுத்தது. யாருக்கு வேணும் அது? குளுரு காயறதுக்குக் கணக்கு."

இரண்டு பேரும் சிரித்தோம். அவர் சிரிப்பு இருமலாகி, நிற்க வெகு நேரமாயிற்று. எனக்குத்தான் சிரிப்பு பாதியிலேயே போய்விட்டது. ஒரு வேலையும் செய்யாமல் வேலை செய்வது போல இரைந்துகொண்டிருக்கும் அந்த அறையைத் தாண்டிப் போகவே பிடிக்கவில்லை.

செப்டம்பர் 28

மழை விட்டதில் ஓடையில் தண்ணீர் குறைவு. பாதிக் கம்ப்யூட்டருக்குத்தான் கரண்ட் வருகிறது. வேறு வழியில்லை, கூரைக் கதவை எண்பத்தைந்துக்குக் கொண்டுபோனேன். தாங்குகிறது.

அக்டோபர் 15

பீரோவை நகர்த்தியபோது பின்னால் சுவரில் கருப்புக் கருப்பாகப் பொட்டு. சுண்ணாம்பில் இப்படிக் கறை விழுவது உண்டு. வினிகர் போட்டுத் துடைத்தேன், போய்விட்டது. வீட்டுக்குள் வரும்போது ஒரு வாசம் அடிக்கிறது என்கிறார் பால் கொண்டுவரும் சாரதா. மண் வீட்டில் மண் வாசம் அடிக்காமல் வேறென்ன அடிக்கும்?

அக்டோபர் 30

இவர் இளைத்துவிட்டார். சட்டை தொளதொளவென்று. மனசுக்குள் கம்பெனி போன கவலை.

நவம்பர் 10, செவ்வாய்

தீபாவளிக்குத் திருப்பூரில் நங்கை வீட்டுக்குப் போய் வந்தோம். சிமெண்ட் பெட்டி. நாலு பக்கமும் பனியன் கம்பெனிச் சத்தம், சாக்கடை, ஜன்னலைத் திறந்தால் லாரிப் புகை. அந்த வீட்டில் ஒரு மனுஷன் எப்படி மூச்சு விடுவான் என்று நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன்! இவர் அங்கே இருமவே இல்லை. மாடிப்படி ஏறி மருமகனோடு வெடி வைத்தார். இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். நங்கையின் கோழிக்குழம்பு அப்படி.

நேற்று மத்தியானம் வீடு திரும்பினோம். பொழுதோடு காய்ச்சல், இருமல், மூச்சு வாங்கல். பயண அலுப்பு.

நவம்பர் 11

பயண அலுப்புதான்.

நவம்பர் 29

நங்கை போனில். "தம்பியை இங்க அனுப்பி வை அம்மிணி. ஒரு மாசம் இருக்கட்டும். இங்க இருந்தா நல்லாத்தான இருக்கறான்."

"டிசம்பர் முடியட்டுங்க நங்கை. ஓடைல இலை அடைச்சா எனக்கு ஒருத்தியால பார்க்க முடியாதுங்க."

"உன்ற வீடு, உன்ற புருஷன். நான் என்ன சொல்றது?" என்று வைத்துவிட்டார். அவருக்கு முதலிலிருந்தே இந்த வீட்டைக் கண்டால் ஆகாது.

டிசம்பர் 8

ஊர் டாக்டரிடம் காட்டினோம். வீட்டில் ஈரம், பூஞ்சை ஏதாவது உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். சம்பத் என் முகத்தைப் பார்த்தார். பிறகு அவரும், "இல்லைங்க டாக்டர்," என்றார். டாக்டர் நிமோனியாவுக்கு மருந்து கொடுத்தார்.

டிசம்பர் 19

உறைபனி. தேயிலை கருகிவிட்டது. நடு ராத்திரி இருபது புள்ளி ஒன்று. கூரைக் கதவை ஒரேயடியாக மூடிவிட்டேன். இன்னும் பன்னிரண்டே நாள்.

ஜனவரி 1, வெள்ளி

முடிந்தது. ஒரு நாள்கூட இருபதுக்குக் கீழே இறங்கவில்லை. ஒரு யூனிட் வெளி மின்சாரம் எடுக்கவில்லை. ஜெயசீலன் போனில் வாழ்த்துச் சொன்னார்.

ராத்திரி பன்னிரண்டு அடித்ததுமே கூரைக் கதவை அறுபதுக்குத் திருப்பி வைத்துவிட்டேன். உடனே திறந்துகொண்டது. விடியும் வரை திறந்தே இருந்தது, மூடவே இல்லை. குளிர் உள்ளே இறங்குகிறது. இவருக்கு இரண்டு கம்பளி போர்த்தினேன்.

ஜனவரி 5

குளியலறையிலிருந்து கட்டிலுக்கு வருவதற்குள் உதடு நீலமாகிவிட்டது. கோவைக்குக் கொண்டுவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டோம்.

ஜனவரி 9, சனி

நுரையீரல் டாக்டர் சின்னப் பெண். என் தங்கை வயதுகூட இருக்காது. படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். நிமோனியா இல்லையாம். நுரையீரலில் அங்கங்கே தழும்பு விழுந்து இறுகிவிட்டதாம்.

"வேலை எங்கே பார்த்தார்? புறா வளர்க்கறீங்களா? வைக்கோல், பஞ்சு மாதிரி ஏதாவது?"

"கம்ப்யூட்டர் வாத்தியாருங்க."

"வெளியூர் போனா நல்லா இருந்தாரா?"

நான் பையில் பழைய மருந்துச் சீட்டைத் தேடினேன். பக்கத்திலிருந்த நங்கை சொன்னார்: "எங்க வீட்ல நாலு நாள் இருந்தான், ஒரு இருமல் இல்லீங்க டாக்டர். வீட்டுக்குப் போன அன்னைக்கே காய்ச்சல்."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். வீட்டுக்குப் போய் எல்லா இடத்தையும் திறந்து பார்த்துவிட்டு வாருங்கள், சுரண்டி ஒரு டப்பாவில் கொண்டுவாருங்கள் என்றார். எங்கள் வீடு பசுமைச் சான்றிதழ் வாங்கப் போகிற வீடு என்று சொன்னேன். எதற்குச் சொன்னேனோ!

ஜனவரி 10

கடப்பாரையால் தரையைப் பெயர்த்தேன். இவர் தலைமாட்டில் நான் வெட்டி வைத்த வாயிலிருந்து ஆரம்பித்து, கால்வாய் நெடுக. நார்ப் பலகை நார்ப் பலகையாகவே இல்லை. கருப்பும் பச்சையுமாக மெத்து மெத்தென்று, தொட்டால் மாவு மாதிரி பறக்கிறது. ஈரம் போக வழியில்லாமல் எல்லாம் இங்கே இறங்கி, சூட்டில் வெந்து, செழித்து வளர்ந்திருக்கிறது. அதற்குமேல் நான் விசிறி வைத்து ஊதிவிட்டிருக்கிறேன். கம்பி வலையில்கூடத் திட்டுத் திட்டாகப் படிந்திருந்தது.

டப்பாவில் கொஞ்சம் சுரண்டிக்கொண்டேன். பிறகு கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் அணைத்தேன். அவ்வளவு நிசப்தத்தை இந்த வீட்டில் நான் கேட்டதே இல்லை. பேருந்து பிடித்துக் கீழே வந்துவிட்டேன்.

ஜனவரி 13

அதேதான். டப்பாவில் கொண்டுபோன பூஞ்சையை மூச்சில் இழுத்து இழுத்துத்தான் நுரையீரல் இப்படி ஆனதாம். விழுந்த தழும்பு மாறாது. இனிமேல் விழாமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். எப்போதும் பக்கத்தில் ஆக்சிஜன் இருக்க வேண்டும். எவ்வளவு காலம் என்று கேட்டேன். அந்தப் பெண் என் தோளில் கை வைத்தார்.

ஜனவரி 17, ஞாயிறு

இன்றைக்குச் சொல்லிவிட்டேன். நங்கை சாப்பாட்டுக்குப் போயிருந்தபோது, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, கூரைக் கதவை நான்தான் ஏற்றி வைத்தேன் என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

"தெரியும்," என்றார்.

"என்ன தெரியும்?"

"கோயமுத்தூர் போயிட்டு வந்தேன் பாரு, அன்னைக்கே தெரியும். நீ ரசம் கொதிக்க வெச்சே. கதவு திறக்கற சத்தம் வரல." நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டார். "அப்பறம் போய்ப் பார்த்தேன்."

"ஏனுங்க சொல்லல? ஒரு வார்த்தை! மறுபடி மாத்தியிருக்கலாமல்ல நீங்களே?"

"மாத்தினா அளவு விழுந்திருக்கும். பத்து வருஷம் தமயா. எவனெவனோ சிரிச்சான். இதும் போச்சுன்னா நீ எந்திரிச்சிருக்க மாட்டே." மறுபடி மூச்சு. "இருமல்தானேன்னு இருந்துட்டேன்."

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. எழுந்து நின்று கத்திவிட்டேன். "யாரைக் கேட்டு விட்டுக் குடுத்தீங்க? நான் கேட்டனா? என்னைக் கொலைகாரி ஆக்கறதுக்கு உங்களுக்கு என்ன உரிமை?" நர்ஸ் ஓடிவந்தார். இவர் மூக்கில் குழாயோடு என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். பாவி மனுஷன். அந்தச் சிரிப்பை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

ஜனவரி 24

திருப்பூர். நங்கை வீட்டு முன்னறையில் கட்டில். ஆக்சிஜன் மெஷின் நாள் முழுக்க உறுமுகிறது. நங்கை என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, குத்திக் காட்டவும் இல்லை. இட்லி ஊற்றிக் கொடுக்கிறார், நான் சட்னி அரைக்கிறேன். திட்டினால் தேவலை.

ஜனவரி 31

ஒரு நாள் முழுக்க யோசித்துப் பார்த்தேன். கதவு சரியாகத் திறந்தால் அந்த வீட்டில் சூடு நிற்காது. சூடு தங்கக் கதவை மூடினால் மூச்சு தங்காது. நார்ப் பலகைக்குப் பதில் வேறு போடலாம்; அப்போதும் ஈரம் வேறெங்காவது இறங்கும். எந்தப் பக்கம் திருப்பினாலும் என் கணக்கு தேறவில்லை. சம்பத்திடம் கேட்டால் ஏதாவது வழி சொல்வார். கேட்க வாய் வரவில்லை.

பிப்ரவரி 4, வியாழன்

இன்று காலை ஜெயசீலன் போன் செய்தார். இவருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"மேடம், முதல் தர மதிப்பு! உங்க வரைபடத்தை அடுத்த வாரமே அறக்கட்டளைக்கு அனுப்பறோம். நாற்பது வீடு முதல் கட்டமா ஆரம்பிக்கறாங்க. உங்க சம்மதம் ஒண்ணுதான் பாக்கி."

இவர் முகம் அப்படி மலர்ந்தது. ஒரு மாதமாக நான் பார்க்காத முகம். கையை உயர்த்தி, சரி என்று சொல் என்று சாடை காட்டினார். நான் கம்பி வலையை நினைத்தேன். நாற்பது வீட்டில் நாற்பது தலைமாடு.

"குடுக்காதீங்க சார்," என்றேன். "அந்த வீட்டுல ஆள் குடியிருக்க முடியாது. என் வீட்டுக்காரர் நுரையீரல் போயிருச்சு. கூரைக் கதவை நான் மூடி வெச்சுத்தான் அந்த அளவு வந்துது."

"லைன் சரியா இல்லைங்க மேடம். அளவெல்லாம் பிரமாதமா இருக்கே?"

"அளவு பொய் இல்லீங்க. வீடுதான் ஆகாது. என் வீட்டை நீக்கிருங்க. எழுத்துலயும் தர்றேன்."

அவர் என்னென்னவோ கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். வைத்துவிட்டுத் திரும்பினேன். இவர் கை அப்படியே பாதியில் நின்றிருந்தது. மெல்ல அதைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

"என்னங்க செய்யறது? நாற்பது குடும்பமுங்க," என்றேன்.

அவர் தன் மூச்சைக் கொடுத்து எனக்கு வாங்கித் தந்தது இந்த ஒன்றே ஒன்று. அதை அவர் கண் முன்னாலேயே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். செய்தது சரி என்று தெரிகிறது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

மத்தியானம் கஞ்சி கொண்டுபோனேன், வாயைத் திறக்கவில்லை. நங்கை ஊட்டினால் இரண்டு வாய் குடித்தார். என்னோடு சண்டை போடுங்கள், ரெண்டு வார்த்தை திட்டுங்கள் என்று கெஞ்சினேன். சண்டை போடவும் மூச்சு வேண்டுமே.

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். ஏனுங்க, ஏனுங்க என்று கூப்பிட்டுக்கொண்டே நின்றேன். மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவர் திரும்பவில்லை.